அஞ்சினான் புகலிடம்: குழந்தைக்கும் கால்நடைக்கும் ஒரே வாசல்

தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் 'அஞ்சினான் புகலிடம்' என்ற சொல்லை அங்கங்கே சந்திப்பார்கள். சம்புவராயர்கள் ஆண்ட காலத்துக் கல்வெட்டுகளில் இது வருகிறது. பொருள் எளிது. பயந்து ஓடி வந்தவன் புகுந்துகொள்ளும் இடம். வந்தவனுக்குக் காவல் உண்டு என்று அரசனும் ஊரும் கல்லில் வெட்டிக் கொடுத்த வாக்கு அது. நான் பிறந்த வந்தவாசிப் பக்கம் சமண ஊர்கள் நிறைந்த பகுதி. அதனால் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த நால்வகைத் தானம் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்பவை அந்த நான்கு. முதல் மூன்றும் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது. சோறு, மருந்து, புத்தகம். எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இவை சுலபம். ஒரு காசோலையில் முடிந்துவிடும். நான்காவதான அபயதானம் அப்படி இல்லை. 'பயப்படாதே, இங்கேயே இரு' என்று ஒரு உயிரிடம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இடம் வேண்டும், காவல் வேண்டும், பல வருஷச் செலவுக்கு வழி வேண்டும். அதனால்தானோ என்னவோ, பேசப்பட்ட அளவுக்கு அது செய்யப்படவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷமாக இங்கே புனேயில் நம்ம ஜைனக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பேச்சு நடக்கிறது. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, கைவிடப்பட்ட மாடு கன்றுகளுக்கும், அடி உதைக்கும் அதைவிடப் பெரிய கொடுமைகளுக்கும் ஆளான குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரு பண்ணை ஆசிரமம் ஆரம்பிக்கலாம் என்று. கோசாலை என்றவுடன் எல்லோரும் பையில் கை விட்டார்கள். குழந்தை என்றதும் கை நின்றுவிட்டது. "மாடு போதும் நயினாரே, குழந்தைங்க விவகாரம் நமக்கு எதுக்கு? போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்" என்றார் ஒரு பெரியவர். அவர் கெட்டவர் அல்ல; தினமும் புறாவுக்குத் தானியம் போடுகிறவர். அவருடைய கேள்விக்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஒரே பலிபீடம்

முதலில் நம் வீட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குவோம். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தின் கதை தமிழ்ச் சமணர் வீடுகளில் பலருக்கும் தெரியும். மாரிதத்தன் என்ற அரசன் சண்டமாரி என்னும் தெய்வத்துக்குப் பலியிட விலங்குகளையும் பறவைகளையும் ஜோடி ஜோடியாகப் பிடித்துவரச் சொல்கிறான். மனிதரிலும் ஒரு ஜோடி தேவைப்படுகிறது. காவலர்கள் போய், இளம் வயதிலேயே நோன்பு பூண்ட ஒரு அண்ணனையும் தங்கையையும் பிடித்து வருகிறார்கள். அவர்கள் பெயர் அபயருசி, அபயமதி. இரண்டு பெயரிலும் அபயம் இருப்பதைக் கவனியுங்கள். முற்பிறவியில் மாவினால் செய்த ஒரு கோழியைப் பலியிட்டதற்கே எத்தனை பிறவிகள் விலங்காகப் பிறந்து துன்பப்பட்டோம் என்று அவர்கள் சொல்ல, அரசன் கத்தியைக் கீழே போடுகிறான்.

பிறவிச் சுழலையும் வினைப்பயனையும் விளக்க இந்தக் கதை சொல்லப்படுவது வழக்கம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அந்தக் கோயில் வாசலில் ஆடும் கோழியும் குழந்தையும் ஒரே வரிசையில் நின்றன. வாய் பேச முடியாததும், பேசினாலும் யாரும் கேட்காததும் ஒரே கத்திக்குக் காத்திருந்தன. காவியம் அவற்றைப் பிரிக்கவில்லை. பிரித்தது நாம்தான், அதுவும் பிற்காலத்தில்.

எலிக்குஞ்சுக்குப் பால்

விலங்குகளுக்கு அடைக்கலம் கொடுப்பதில் மேற்கிந்தியச் சமண வணிகர்களுக்கு நிகரானவர்கள் உலகத்தில் குறைவு. 1580களில் இந்தியாவுக்கு வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், குஜராத்தின் கம்பாத் துறைமுகத்தில் நாய், பூனை, பறவைகளுக்கு மருத்துவமனைகள் இருந்ததைக் குறித்திருக்கிறார். 1623இல் அதே ஊருக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ டெல்லா வாலே பறவை மருத்துவமனைக்குள்ளேயே போய்ப் பார்த்தார். அங்கே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு வெண்தாடிக் கிழவர், தாயில்லாத எலிக்குஞ்சுகளைப் பஞ்சில் பொதிந்து வைத்து, பறவையின் இறகால் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தாராம். நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கிழவரை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடங்களுக்குக் குஜராத்தியில் பாஞ்ஜராபோள் என்று பெயர். பாஞ்ஜரா என்றால் கூண்டு, போள் என்றால் வாசல் வைத்து அடைத்த தெரு. சென்னை அயனாவரத்தில் நம்மவர்கள் 'பிஞ்சராபோல்' என்று சொல்லும் இடமும் இதே மரபில் வந்ததுதான். பம்பாய் பாஞ்ஜராபோள் உண்டான விதம் சுவையானது. 1832இல் தெருநாய்களைக் கொல்ல ஆங்கில அரசு ஆள் வைத்து, நாய்க்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. பார்சிகள் முதலில் கொதித்தெழுந்தார்கள், ஊரே கடையடைத்தது, கலவரம் ஆயிற்று. அதன் பிறகு 1834இல் பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும், ஜைன வணிகர் மோதிஷாவும் முன்நின்று பாஞ்ஜராபோளை ஏற்படுத்தினார்கள். அது இன்றும் பூலேஷ்வர் பக்கம் இருக்கிறது. முதலில் நாய், பூனைக்கு என்று தொடங்கியது, பிறகு மாடுகளுக்கு முக்கிய இடமானது.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது பணம் வந்த வழி. யாரோ ஒரு தனவந்தர் ஒரே தடவையில் கொடுத்த நன்கொடையில் மட்டும் பாஞ்ஜராபோள்கள் நிற்கவில்லை. சந்தையில் கைமாறும் சரக்கின் மேல் இவ்வளவு என்று வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். நம்ம தென்மாவட்டக் கடைவீதிகளில் மகமை என்று சொல்வோமே, அதேதான். விற்பனை நடக்கும் வரை தீவனமும் நடக்கும். அறத்தை வியாபாரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அதனால்தான் பம்பாய் பாஞ்ஜராபோள் 190 வருஷத்தைத் தாண்டி நிற்கிறது.

சில பாஞ்ஜராபோள்களில் 'ஜீவாத்' என்று ஒரு தனி அறையே இருந்தது. தானியக் கடையில் கூட்டி அள்ளிய குப்பையைப் பூச்சி புழுக்களோடு கொண்டுபோய், அவை தம் ஆயுளை வாழ்ந்து முடிக்கட்டும் என்று அங்கே விடுவார்கள். வெள்ளைக்காரர்கள் இதைக் கேலி செய்து எழுதினார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பூச்சிக்கு ஒரு அறை இருந்த காலத்தில், அடிபட்ட ஒரு குழந்தை ஓடிப்போய் நிற்க எந்த அறை இருந்தது என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையல்ல. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1866இலேயே விலங்குவதைத் தடுப்புச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. குழந்தைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. 1874இல் மேரி எல்லன் என்ற சிறுமியை வளர்ப்புத் தாய் தினமும் அடித்து வதைப்பதைக் கண்ட ஒரு கிறிஸ்தவ சமூகத் தொண்டர் அம்மையார், எங்கெங்கோ போய் வழி கிடைக்காமல், கடைசியில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நிறுவனர் ஹென்றி பெர்கிடம்தான் போனார். பெர்கின் உதவியால் வழக்கு நடந்தது, சிறுமி மீட்கப்பட்டாள். அந்த வழக்கிலிருந்துதான் குழந்தைகளுக்கான சங்கம் பிறந்தது. குதிரைக்காகத் திறந்த கதவு வழியாகக் குழந்தை உள்ளே வந்தது.

கேட்காவ் பண்ணை

நம் நாட்டில் அந்தக் கதவைத் திறந்தவர்களில் முதன்மையானவர் பண்டித ரமாபாய். அவர் தொடங்கிய இடம் புனேயிலிருந்து ரொம்ப தூரமில்லை; சோலாப்பூர் போகும் ரயில் பாதையில் கேட்காவ். அவருக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு துயரமான தொடர்பு உண்டு. சம்ஸ்கிருதப் பண்டிதரின் மகளாகப் பிறந்து, புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பத்தோடு தென்னாட்டு க்ஷேத்திரங்களில் அலைந்த அவர், சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டிய 1870களில் பெற்றோரையும் அக்காளையும் பட்டினிக்குப் பறிகொடுத்தார். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டோமே, அதே பத்தாண்டு. மிஞ்சிய அண்ணனோடு கால்நடையாக வடக்கே போனார். பின்னர் கிறிஸ்தவரானார். 1889இல் பம்பாயில் சாரதா சதன் என்ற விதவைகள் இல்லத்தைத் தொடங்கி, அடுத்த வருஷமே புனேக்கு மாற்றினார்.

வெளிநாட்டு உதவி ஒரு நாள் நின்றுபோகும் என்று தெரிந்தவர் அவர். இல்லம் தன் காலில் நிற்க வேண்டுமென்று கேட்காவில் சுமார் 100 ஏக்கர் நிலம் வாங்கிக் கிணறு வெட்டினார், பழமரங்கள் வைத்தார். 1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது அங்கே போய்ப் பார்த்தார். நிவாரண முகாம்களிலும் ஏழைகள் விடுதிகளிலும் ஆதரவற்ற பெண் பிள்ளைகளைக் காக்க வேண்டியவர்களே கெடுப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். சுமார் 300 பேரை அழைத்து வந்தார். 1897இல் புனேயில் பிளேக் கட்டுப்பாடுகள் வந்ததால் அத்தனை பேரையும் ஊருக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. பழத்தோட்டம் அன்று குழந்தைகள் குடியிருக்கும் ஊராயிற்று. அதற்கு முக்தி என்று பெயர் வைத்தார். 1900இல் குஜராத் பஞ்சத்துப் பிள்ளைகளும் வந்து சேர, அங்கே 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள். நூற்றுக்கு மேல் கால்நடைகளும் இருந்தன. தறி, எண்ணெய்ச் செக்கு, அச்சகம், பார்வையற்றோருக்குப் படிப்பு எல்லாம் அங்கே நடந்தன. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். மதம் மாறிய பிறகும் அவர் கடைசி வரை சைவ உணவையே உண்டார்.

நம் பெரியவர் கேட்ட 'விவகாரம்' ரமாபாய்க்கும் வராமலில்லை. சாரதா சதனில் மதத்தில் தலையிட மாட்டோம் என்று சொல்லித்தான் தொடங்கினார். அம்மையாரின் ஜெபத்தில் சில பெண்கள் கலந்துகொள்ள, ஊரில் கொதிப்பு உண்டாயிற்று. 1893இல் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல வீட்டார் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மாட்டுக்கு மதம் கிடையாது. தீவனம் போட்டால் போதும். குழந்தைக்கு மனசு இருக்கிறது, பிறந்த வீட்டு வழக்கம் இருக்கிறது. அடைக்கலம் கொடுத்தவரின் நம்பிக்கைக்கும் அடைக்கலம் புகுந்தவரின் சுதந்திரத்துக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? இந்தக் கேள்வி ஒரு கிறிஸ்தவ இல்லத்துக்கு மட்டும் உரியதல்ல. நாளைக்கு நாம் ஆரம்பித்தால் நம் வாசலிலும் வந்து நிற்கும்.

விடுதியிலிருந்து வெளியே

'ஜைனர்கள் குழந்தைகளுக்குச் செய்யவே இல்லையா?' என்று வாசகர் கேட்கலாம். செய்த ஒருவர் மகாராஷ்டிரத்தின் பெருமை. கர்மவீர் பாவுராவ் பாட்டீல், 1887இல் கோலாப்பூர்ப் பகுதியின் கும்போஜ் கிராமத்தில் திகம்பர ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். மாணவராக ஒரு ஜைன விடுதியில் தங்கியிருந்தபோது, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதியின் விழாவுக்குப் போய்வந்தார். வந்ததும் தலை முழுகச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். விடுதியை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பையன் வளர்ந்து, கலப்பையும் கண்ணாடிச் சாமானும் விற்கும் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றி, 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். 1924இல் சாத்தாராவுக்கு வந்தார். அவருடைய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். 1927இல் காந்தியடிகள் அங்கே வந்து அந்த விடுதிக்கு சாகு மகாராஜாவின் பெயரைச் சூட்டினார். பிள்ளைகள் நிலத்தில் உழைத்துத் தங்கள் சாப்பாட்டுக்குத் தாங்களே விளைவித்தார்கள், படிப்பும் நடந்தது. ஒரு நாள் அரிசி பருப்புக்கு வழியில்லாதபோது அவர் மனைவி லக்ஷ்மிபாய் தன் தாலியையே விற்கக் கொடுத்தார் என்பதை இங்கே கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த அம்மாள் ஆசாரமான ஜைன வீட்டில் வளர்ந்தவர். அபயதானத்துக்கு இதைவிட உரை எழுத யாராலும் முடியாது.

பிறகு நம் காலத்திலேயே நடந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர், கில்லாரி பக்கம் பூகம்பம் வந்தது. புனேயைச் சேர்ந்த சாந்திலால் முத்தா, தாம் தொடங்கிய பாரதீய ஜைன் சங்கடனா மூலமாக 1,200 குழந்தைகளைப் புனேக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பிறகு வாகோலியில் அதற்கென்றே ஒரு வளாகம் எழுந்தது. கொண்டுவந்த பிள்ளைகளில் ஜைனர் எத்தனை பேர் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

வரலாறு சொல்லும் கணக்கு

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், பண்ணை அடைக்கலம் ஆரம்பிக்கிறவர்களுக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, நிலமும் தண்ணீரும் முன்னால், ஆட்கள் பின்னால். கேட்காவ் தப்பியதற்குக் காரணம் பஞ்சம் வருவதற்கு முன்பே அங்கே நிலமும் கிணறும் இருந்ததுதான். மாடு சாணம் தரும், சாணம் எருவாகும், எரு காய்கறி தரும். ஆனால் கோடையில் கிணறு வற்றினால் மாடும் இல்லை, காய்கறியும் இல்லை.

இரண்டாவது, மகமை. திறப்பு விழா நன்கொடையில் இரண்டு வருஷம் ஓடும். ஒரு குழந்தை ஐந்து வயதில் வந்தால் பதினெட்டு வயது வரை பதின்மூன்று வருஷம். மாடும் அப்படித்தான், பால் வற்றிய பிறகும் பல வருஷம் உயிரோடு இருக்கும். நம்ம கடைகளில் பில்லுக்கு இவ்வளவு என்று ஒதுக்கினால்தான் பதின்மூன்றாவது வருஷமும் உலை கொதிக்கும்.

மூன்றாவது, குழந்தை கூலியாள் அல்ல. கன்றுக்குட்டிக்குப் புல் கொடுப்பதால் பயந்த பிள்ளையின் மனசு இளகும் என்பது கிராமத்தில் வளர்ந்த நமக்குப் படிக்காமலே தெரியும். அடித்த கையையே கண்ட பிள்ளை, தன்னை நம்பி வந்து முகர்கிற ஒரு ஜீவனிடம் முதலில் பேசும். ஆனால் அந்தக் கன்றை வைத்துப் பண்ணை வேலை வாங்கினால் அது வேறு கொடுமை. பள்ளிக்கூடம் முதலில், தொழுவம் மாலையில், அதுவும் பிரியப்பட்டால்.

நான்காவது, நம்பிக்கை நம்முடையது, குழந்தையுடையது அல்ல. சமையலறை சைவமாக இருக்கட்டும். அது வீட்டு ஒழுங்கு. ஆனால் பூஜைக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில், ஒருவரின் சம்மதமில்லாமல், சிறுவர் என்றால் பாதுகாவலரின் சம்மதமில்லாமல், மதபோதனையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. பல கோணமும் பார்க்கச் சொல்லும் அநேகாந்தம் நம் தத்துவம். அதை மேடையில் பேசிவிட்டுக் குழந்தையிடம் ஒரே கோணத்தைத் திணிக்கலாமா?

ஐந்தாவது, சட்டம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது குற்றம். ஆதரவற்று வந்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற எண்ணுக்கோ, போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். எங்கே தங்க வைப்பது என்று முடிவு செய்வது அந்தக் குழு, நாமல்ல. இன்னொன்று, நம்மவர்களுக்குக் கஷ்டமானது. அப்படிப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. நன்கொடையாளர் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படமெடுத்து மலரில் போடும் ஆசையை விட்டுவிட வேண்டும். போலீஸ், கோர்ட்டு என்று பெரியவர் பயந்தது இதைத்தான். ஆனால் அந்தச் சட்டம் தர்மம் செய்கிறவனை வதைக்க வந்ததல்ல. ரமாபாய் நிவாரண முகாம்களில் கண்ட அந்த 'காவலர்'களிடமிருந்து குழந்தையைக் காக்க வந்தது. கணக்குப் புத்தகத்தை வருஷா வருஷம் தணிக்கைக்குக் கொடுக்கிற வியாபாரிக்கு, இல்லத்தின் கதவை ஆய்வுக்குத் திறந்து வைப்பது பெரிய விஷயமா?

மாடு மட்டும் போதும் என்று சொல்வதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். மாடு நம்மைக் கேள்வி கேட்காது. குழந்தை கேட்கும், வளர்ந்த பிறகு வந்து கணக்கும் கேட்கும். கேட்கட்டுமே. கேள்வி கேட்கும் அளவுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்றால் நாம் கொடுத்த அபயம் பலித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

கல்வெட்டுக்காரர் 'அஞ்சினான்' என்று ஆண்பாலில் எழுதிவிட்டார். அவர் காலத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். தமிழில் பால் ஐந்து என்று இலக்கணம் படித்த நமக்கு அது போதாது. அஞ்சினாள், அஞ்சினார், அஞ்சியது, அஞ்சின என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வாசலை அகலமாக்குவது, பிழைக்க வந்த ஊரில் நாலு காசு சேர்த்துவிட்ட நம் தலைமுறையின் கடன்.